செத்தவன் அடித்த பதினொரு கோல்கள்

“செத்தவனுக்கு அப்படி என்னம்மா அவசரம்? அவன் எங்கயும் ஓடிடப் போறதில்லையே!”

“அவர்தான் ஓடிட்டிருக்காரே அத்தை! ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தொண்ணூறு நிமிஷம் ஓடுறாரு. போன வாரம் ரெண்டு கோல் வேற!”

மாடிப்படியின் அடியில் மாமியார், உச்சியில் மருமகள். காலை ஏழரை மணி. மார்க்கெட் தெருவில் அந்த நேரத்துக்கு எல்லா ஜன்னல்களும் திறந்துவிட்டிருந்தன. காற்றுக்காகத்தான் என்று கேட்டால் சொல்வார்கள். அடுத்த வீட்டு டைப்பிஸ்ட் அக்கா ஜன்னலோரம் நின்று ஒரே ஜாக்கெட்டை மூன்றாவது முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகளின் கையில் ஒரு தாள் இருந்தது. டைப்பிஸ்ட் அக்காவே அடித்துக் கொடுத்தது என்பதால் அதில் உள்ளது தெருவுக்கே மனப்பாடம். ‘என் மூத்த மகன் இன்ன தேதியில் வீட்டில் மாரடைப்பால் இறந்தான் என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே தாய் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நகராட்சியில் இறப்புச் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் இருந்தால் மருமகள் இன்னொரு கல்யாணத்தைப் பதிவு செய்யலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கையெழுத்தில் ஒரு கால்பந்து அணியே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் சலூன்காரர் தோளில் துண்டோடு ஓடிவந்தார். அவர்தான் மார்க்கெட் தெரு அணியின் செயலாளர். அவருக்குப் பின்னாலேயே பாதி முகத்தில் நுரையோடு ஒரு வாடிக்கையாளரும் வாசல்வரை வந்து, வந்ததுதான் வந்தோம் என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, கொஞ்சம் பொறுத்துக்கோ. இன்னும் ஏழே மேட்ச். அப்புறம் செமி, ஃபைனல். அதோட முடிஞ்சுது. நாலு மாசம் ஒரு மாசமா?”

“உங்களுக்கு ஒரு மாசம்தான் அண்ணே. பத்து மாசமா அந்த டாக்டர் சீட்டை உங்க டிராயர்ல வச்சிருக்கீங்களே, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.”

சலூன்காரர் தோள் துண்டை எடுத்து உதறினார். நுரைக்காரர், “அப்படியா?” என்று கேட்டார்.

நடந்தது இதுதான். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவன் குடிநீர் மீட்டர் கணக்கெடுப்பவன். சாது, குரலே எழும்பாது. சின்னவனுக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. காலில் பந்து பட்டால் பேய் பிடித்துக்கொள்ளும். இருவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம், ஒரே மூக்கு, ஒரே தாடை. பெரியவன் பெயரும் அணியின் பட்டியலில் இருந்தது. ஐந்து வருஷம் உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்ததைத் தவிர அவன் மைதானத்தில் வேறொன்றும் செய்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேட்சுக்குக் கிளம்புகிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலில் சாக்ஸ் போட்டான். மற்றதைப் போடவில்லை. முப்பத்தோரு வயது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நகராட்சியில் சேர்ப்பதாக வாங்கிப்போனவர் சலூன்காரர். மறந்தார். பிறகு நினைவு வந்தது, ஆனால் அதற்குள் சின்னவன் ஒரு காரியம் செய்திருந்தான். ரயில்வே அணியோடு ஆடும்போது லைன்ஸ்மேன் கையிலிருந்த கொடியைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டான். கால்பந்துச் சங்கம் அவனுக்கு இரண்டு வருஷம் தடை விதித்தது. சின்னவன் இல்லாத மார்க்கெட் தெரு அணி என்றால் பதினொரு பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அன்றுதான் சலூன்காரர் டிராயரைத் திறந்து, அந்தச் சீட்டையும் பெரியவனின் ஆட்டக்காரர் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நெடுநேரம் பார்த்தாராம். சீட்டு போய்ச் சேராதவரை பெரியவன் சாகவில்லை. அந்த அட்டையோடு அண்ணன் பெயரில் சின்னவன் ஆட, புகைப்படத்தில் இருந்த மீசை ஒன்றுதான் அவனிடம் குறை. அதை வளர்த்துவிடச் சலூன்காரரைவிட ஆள் யார்?

“ஃபைனல் முடிஞ்ச மறுநாள் நான் போடறேன்,” என்றாள் மாமியார். “என் பிள்ளை மேல சத்தியமா.”

“எந்தப் பிள்ளை மேல?” என்று கேட்டுவிட்டு மருமகள் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஒரு கேள்வியை டைப்பிஸ்ட் அக்கா அன்று மாலைக்குள் பதினைந்து வீடுகளில் சொல்லிவிட்டாள்.

மருமகளின் அவசரத்துக்குக் காரணம் கண்ணாடிக்காரர். கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடையில் அவள் பில் போடுகிறாள், அவர் உள்ளே லென்ஸ் தேய்க்கிறார். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற பயம் போல, அவ்வளவு கஞ்சமான பேச்சு. அவளுக்குத் தலைவலி என்று ஒருநாள் கண் பரிசோதித்தார். அவள் மோவாய் கருவியின் மேல் இருந்தது, அசைய முடியாது. “இப்ப தெளிவா தெரியுதா?” என்றார். “தெரியுது.” “இப்ப?” “தெரியுது.” “அப்ப நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த லென்ஸைப் போட்டாராம். இதை மருமகள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடையின் தடுப்பு வெறும் பிளைவுட்.

கடை முதலாளி இன்னொரு ஊரில் கிளை திறக்கிறார். கீழே கடை, மேலே வீடு. உள்ளே கணவன், வெளியே மனைவி என்று ஒரு தம்பதிதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் முடிந்த பதினைந்தாம் நாள் திறப்பு. அதற்குள் பதிவு முடியாவிட்டால் வேறு தம்பதியை அனுப்பிவிடுவார். மருமகளுக்கு அந்த மாடி அறையை விட்டு வெளியேற வேறு வழி கிடையாது. அவளுக்குப் பிறந்த வீடென்று ஒன்று இல்லை.

எனவே பொறுத்தாள்.

வாரங்கள் போயின, மேட்சுக்கு ஒரு கோலும் போயிற்று. துறைமுக அணியோடு ஆடிய அன்று, மைதானத்து ஒலிபெருக்கியில் அவள் புருஷன் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்கள். கடைவீதி வரைக்கும் கேட்டது. அவள் ஒரு கிழவருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தாள். தொகை இருக்க வேண்டிய இடத்தில் பெயரை எழுதிவிட்டாள். கிழவர் புதுக் கண்ணாடி வழியாகப் படித்துப் பார்த்து, “இது எவ்வளவும்மா?” என்றார்.

செய்தித்தாளில் வட்டார விளையாட்டுப் பக்கத்தில் பெயர் வந்தது. பிறகு படம் வந்தது. உயிரோடு இருந்தபோது மீட்டர் பார்க்கப் போன வீட்டில்கூட அவன் பெயரை யாரும் கேட்டதில்லை. இப்போது பஸ் ஸ்டாப்பில் பேசினார்கள். சின்னவனுக்கோ மீசை முளைக்க முளைக்க முகமே மாறிற்று. அவன் படியில் ஏறி வந்தால் மருமகள் ஒரு நொடி மூச்சை நிறுத்திக்கொள்வாள். அவனுக்கும் அது தெரியும். பிறகு அவன் இருமிக்கொண்டேதான் ஏறினான்.

ஒருநாள் மத்தியானம் வந்து நிலைப்படியில் உட்கார்ந்தான்.

“அண்ணி, கோல் அடிச்சா அண்ணன் பேரைக் கத்துறாங்க. எனக்கு அது காதுலயே ஏற மாட்டேங்குது. நேத்து ரெஃப்ரி மூணு தடவை கூப்பிட்டிருக்காரு, நான் பாட்டுக்குப் போயிட்டிருக்கேன். திமிர் பிடிச்சவன்னு மஞ்ச அட்டை காட்டிட்டாரு.”

“உங்கண்ணனுக்கு வாழ்க்கையில திமிர்னு ஒரு பேர் வாங்கிக் குடுத்துட்டே. சந்தோஷம்.”

அவன் சிரிக்கவில்லை. “அம்மா என்னை அண்ணன் நாற்காலியில உக்காரச் சொல்றாங்க. உக்காந்தா, ‘மீட்டர் எத்தனை பாத்தே இன்னைக்கு’ன்னு கேக்கறாங்க. மொதல்ல விளையாட்டுன்னு நெனச்சேன்.”

மருமகள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு மூணு மாசம் ஆச்சு அண்ணி. செமி முடியட்டும். ஃபைனல் வரைக்கும்கூட வேணாம். நானே அம்மா கையைப் பிடிச்சுக் கையெழுத்துப் போட வைக்கிறேன். இந்த மீசையையும் எடுத்துடறேன். உங்க கண்ணாடிக்காரர் நல்ல ஆளு. எனக்கு ஒரு தடவை ஃபிரேம் சும்மா மாத்திக் குடுத்தாரு.”

“நீ எப்ப கண்ணாடி போட்டே?”

“போடல. அவரைப் பாக்கத்தான் போனேன். எப்படிப்பட்ட ஆளுன்னு. அப்பாவோட பழைய கண்ணாடியை எடுத்துட்டுப் போனேன்.”

அந்த வீட்டில் அவளுக்காக ஒருவர் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அவள் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தெருவில் அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தார்கள், அதை விடுங்கள்.

லீக் முடிந்தபோது செத்தவன் கணக்கில் பத்து கோல். வட்டாரத்திலேயே அதிகம். மாமியார் இப்போது எல்லா ஆட்டத்துக்கும் போனாள். முன்வரிசையில் உட்கார்ந்து மூத்தவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மருமகள் தாளை நீட்டினால், “நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு இதெல்லாம்?” என்பாள். நடிக்கிறாளா, நம்புகிறாளா என்று தெருவில் இரண்டு கட்சி. மருமகள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பத்து மாதமாக அழாமல் இருந்த மாமியார் முதல் கோல் விழுந்த அன்றுதான் வாய்விட்டு அழுதாள் என்பதை மாடியிலிருந்து கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அரையிறுதி சிமெண்ட் ஆலை அணியோடு, அவர்கள் மைதானத்தில். அங்கே கோல் கம்பங்கள் ஆலையிலிருந்து கழித்துப்போட்ட இரும்புக் குழாய்கள். எழுபதாவது நிமிடம் ஒன்றுக்கு ஒன்று. வலது பக்கத்திலிருந்து பந்து உயர வந்தது. சின்னவன் பாய்ந்து தலையால் முட்டினான். பந்து உள்ளே போயிற்று. தலை கம்பத்தில் போயிற்று. சத்தம் மணியடித்த மாதிரி இருந்தது என்று போனவர்கள் சொன்னார்கள். முதல் அரை நிமிடம் எல்லோரும் கோலுக்காகக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது பெயர் கேட்டார்கள். சலூன்காரர் சட்டைப்பையில் கைவிட்டார். வந்தது அந்த அட்டை. உண்மைப் பெயரைச் சொன்னால் ஜெயித்த ஆட்டம் போய்விடும். இரண்டு நாளில் எழுந்துவிடுவான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நான்கு மாதமாகப் பழகிய கை, தயங்காமல் நீட்டிவிட்டது. எழுதுகிறவரும் எழுதிக்கொண்டார்.

சின்னவன் எழவில்லை. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு இறந்தான்.

உடலை வாங்கப் போனபோது மாமியாரும் மருமகளும் சலூன்காரரும். பச்சை வண்ணம் அடித்த நீளமான தாழ்வாரம். கடைசியில் ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் பேரேட்டோடு ஒரு எழுத்தர். சலூன்காரர் மருமகளைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டு போனார். நாலு நாள் தாடி. அடுத்தவன் தாடியை எடுத்தே வாழ்ந்தவருக்குத் தன்னுடையது தெரியவில்லை.

“தங்கச்சி, ஃபைனல் எனக்கு வேணாம். சத்தியமா வேணாம். ஆனா இப்ப பேரை மாத்திச் சொன்னா போலீஸ் வரும். உடம்பைக் குடுக்க மாட்டாங்க. அறுத்து, எழுதி, ஒரு வாரம் ஐஸ்ல வச்சிருப்பாங்க. என்னை உள்ள தூக்கிப் போடுவாங்க.”

“அவன் ஐஸ் ஃபேக்டரியிலதானே வேலை பாத்தான். பழக்கம்தான்,” என்றாள் மருமகள். சொன்ன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்தர் கூப்பிட்டார். மாமியார் முன்னால் போய் நின்றாள்.

“நீங்க யாரும்மா?”

“அம்மா.”

“பேரு சரியா இருக்கான்னு பாருங்க.” பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்.

மாமியார் அந்தப் பெயரைப் பார்த்தாள். விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். நான்கு மாதம் அந்தப் பெயரைக் கத்திய தொண்டை இப்போது மெல்ல, “சரியாத்தான் இருக்கு,” என்றது.

“வேற பிள்ளைங்க இருக்காங்களா?”

“இருக்கான். சின்னவன்.”

“வரலையா?”

“வெளியூர்ல இருக்கான். லீவு கெடைக்கல.”

மருமகள் திரும்பி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் பைத்தியம் ஒன்றும் இல்லை. கண்ணில் அப்படியொரு தெளிவு. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் கணக்கில் ஒருவனை மட்டும் ஒப்புக்கொள்கிறாள்; அதுவும் ஏற்கனவே போனவனை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மாதக்கணக்கில் கெஞ்சியும் கிடைக்காத அதே கையெழுத்து, கோணல்மாணலாக, முழுசாக.

“நீங்கம்மா? இவருக்கு நீங்க என்ன வேணும்?”

உள்ளே கிடப்பவன் அவளுடைய கொழுந்தன். தன் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்று குறைப்பட்டவன். உண்மையைச் சொன்னால் சொந்தப் பெயரிலேயே மண்ணுக்குப் போவான். அவளுக்குச் சான்றிதழ் கிடையாது, கிளை கிடையாது, கண்ணாடிக்காரர் கிடையாது, இந்தக் கிழவிக்கும் மிச்சம் ஒன்றும் கிடையாது. சொல்லாவிட்டால் அவனுக்காக அழுவதற்கு உலகத்தில் ஒரு காகிதம்கூட இருக்காது.

எழுத்தர் பேனாவைத் தட்டினார். “சொல்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

“மனைவி,” என்றாள்.

“எங்க போடணும்னு தெரியுமில்ல? அம்மாவுக்குக் கீழ.”

தெரு மொத்தமும் அடக்கத்துக்கு வந்தது. பதினான்கு மாதம் முன்பு இதே பெயருக்கு இதே தெரு இதே மண்ணைப் போட்டிருந்தது. கறுப்புப் பதாகையில் பெரியவன் பெயர். அணிக்காரர்கள் தோளில் தூக்கிப்போகும்போது ஒருவன் வாய் தவறிச் சின்னவன் பெயரைச் சொல்லி அழுதான். நாலு பேர் அவனை அடக்கினார்கள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மென்று விழுங்கினார்கள். மார்க்கெட் தெரு ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது அதுவரை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

இறுதி ஆட்டத்தில் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடி, நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். பரிசு கொடுக்கும்போது அதிக கோல் அடித்த ஆட்டக்காரர் என்று பெரியவன் பெயரை அறிவித்தார்கள். பதினொரு கோல். “அவருடைய துணைவியார் மேடைக்கு வரும்படி” என்று ஒலிபெருக்கி இரண்டு தடவை கூப்பிட்டது. மருமகள் எழுந்து போனாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாவது வரிசையில் கண்ணாடிக்காரரும் நின்று தட்டினார். பாவம், அவரால் வேறென்ன செய்ய முடியும். சங்கத் தலைவர் கோப்பையைக் கையில் கொடுத்து, “உங்க கணவர் ஒரு சிங்கம்மா,” என்றார். மீட்டர் பார்க்கப் போகும்போது நாய் குரைத்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் மனுஷன். அவள் கும்பிட்டுவிட்டு இறங்கி, கோப்பையை மாமியாரின் மடியில் வைத்தாள்.

சான்றிதழ் ஒன்பதே நாளில் வந்தது. பெரியவன், ஆண், வயது முப்பத்திரண்டு, தலையில் காயம். சாகும்போது இருந்ததைவிட ஒரு வயது கூடியிருந்தது.

திருமணப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர் அதை வாங்கிப் படித்தார். தேதியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

“புருஷன் போயி இருபத்தாறு நாள்தான் ஆகுது.”

“ஆமா சார்,” என்றாள் மருமகள்.

“சட்டப்படி தப்பில்ல. ஆனாலும்…” என்று இழுத்து, அந்த இழுப்பிலேயே முத்திரையைக் குத்தினார்.

சாட்சிக் கையெழுத்துப் போட்ட டைப்பிஸ்ட் அக்கா அன்று சாயங்காலமே, “என்னதான் இருந்தாலும் ஒரு மாசம்கூடப் பொறுக்கலையே,” என்று தெருவில் சொன்னாள். பெரியவனின் முதல் அடக்கத்தில் முன்வரிசையில் நின்று மூக்கைச் சிந்தியவள் அவள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். காகிதத்தில் இருப்பதைத் தெரு அதற்குள் நம்பத் தொடங்கியிருந்தது.

மருமகளும் கண்ணாடிக்காரரும் கிளைக் கடைக்கு மேலேயே குடியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் குழந்தை. சலூன்காரர் கடையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்; இப்போது அங்கே செல்போன் பழுது பார்க்கிறார்கள். டைப்பிஸ்ட் அக்கா தன் நாற்பத்தைந்தாவது வயதில், சிமெண்ட் ஆலையில் கணக்கு எழுதும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஆலைக் குடியிருப்புக்குப் போனாள். அவள் போனதிலிருந்து தெருவில் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

மாடியில் புதிதாக ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. அவர்களுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. வீட்டுக்கார அம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். பெரியவன் பந்தாட்டத்தில் போய்விட்டான், சின்னவன் வெளியூரில் என்று சொல்லியிருக்கிறாள். சின்னவனுக்குப் போன வாரம் கல்யாணமும் ஆகிவிட்டதாம். பெண் நல்ல நிறமாம், ஏதோ ஆபீசில் வேலையாம். அவசரமாக முடிந்துவிட்டதால் தெருவில் யாருக்கும் சொல்ல முடியவில்லையாம். வருத்தப்பட வேண்டாம் என்று வீடு வீடாகப் போய் இனிப்பு கொடுத்துவிட்டு வந்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.